கசிவு நின்றது, போக்கும் தடைபட்டது: யூரித்ரா டேப் அறுவை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இருமினால் சிறுநீர் கசிவதை நிறுத்த, யூரித்ராவுக்கு (சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியே வரும் குழாய்) அடியில் டேப் என்ற குறுகிய வலைப்பட்டை வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, அறுவைக்குப் பிந்தைய முதல் 2 வாரங்களில் நடந்ததைப் பற்றியது இந்தப் பதிவு. அறுவை தோற்கவில்லை. முதல் நாளிலிருந்தே இருமினால் ஒரு சொட்டும் வரவில்லை. சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அது அடிக்கடி சிறுநீர் வரும் தொல்லையாக வேடமிட்டு வந்ததால் 6 நாள் கண்ணுக்குப் படாமல் போனது.

பின்னணி

வயது 46. மூன்று பிரசவமும் யோனி வழியே, அவற்றில் முதலாவது ஆயுதம் போட்டு எடுத்தது. உயரம் 154 செ.மீ., எடை 68 கிலோ. சர்க்கரை இல்லை, நாள்பட்ட இருமல் இல்லை, இடுப்புப் பகுதியில் முன்பு அறுவை எதுவும் நடக்கவில்லை. மாதவிலக்கு இன்னும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

6 ஆண்டாகக் கசிவு. முதலில் தும்மினால் மட்டும், பிறகு பாரம் தூக்கினால், கடைசி ஓராண்டாக வேகமாக நடந்தாலே. நாளைக்கு 4 பேடு. பெரும்பாலான பெண்கள் செய்வதைத்தான் இவரும் செய்திருந்தார்: தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தார். வெளியே கிளம்பும் நாளில் மதியம் வரை ஒரு டம்ளருக்கு மேல் குடிப்பதில்லை.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் 4 மாதம் ஒழுங்காகச் செய்திருந்தார். நாளைக்கு 3 வேளை, வேளைக்கு குறைந்தது 8 முறை இறுக்கிப் பிடித்து விடுவது. பேடு நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்ததோடு நின்றுவிட்டது. இந்த நிலையில் அறுவையைப் பற்றிப் பேசுவது அவசரப்படுவதாகாது. 2013-ல் வெளியான டச்சு ஆய்வில், தொடக்கத்திலேயே டேப் வைத்துக்கொண்டவர்களில் 90.8 சதவீதமும் பயிற்சியில் தொடங்கியவர்களில் 64.4 சதவீதமும் ஓராண்டில் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள். பயிற்சியில் தொடங்கியவர்களில் பாதிப் பேர் அந்த ஓராண்டுக்குள் அறுவைக்கு மாறியிருந்தார்கள்.

பரிசோதனையில் கண்டவை

3 நாள் சிறுநீர்க் குறிப்பேடு எழுதச் சொல்லப்பட்டது. பகலில் 7 முறை, இரவில் ஒரு முறை. ஒரே தடவையில் போன அதிகபட்ச அளவு 380 மி.லி. மூன்று நாளில் 9 கசிவு, அதில் 8 இருமல், தும்மல், தூக்கல். ஒன்று மட்டும் கதவைத் திறப்பதற்குள் போனது, அதாவது அவசரக் கசிவு. ஆக, கலப்புக் கசிவுதான். ஆனால் பெரும்பங்கு அழுத்தக் கசிவு (வயிற்று அழுத்தம் ஏறும்போது கசிவது).

சிறுநீர்ப்பையில் 300 மி.லி. நிரப்பி இருமச் சொன்னபோது இருமிய அதே நொடியில் சிறுநீர் பீறியது. இது கவனிக்க வேண்டிய நுணுக்கம். இருமி 2, 3 நொடி கழித்துத் தாரையாக வந்தால், இருமல் பையின் தசையைத் தூண்டி அது சுருங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு டேப் தீர்வல்ல. இருமும்போது யூரித்ரா கீழே இறங்கி அசைவது கண்ணுக்கே தெரிந்தது. கர்ப்பப்பை இறக்கம் குறிப்பிடும்படி இல்லை. சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்திருந்த நிலையில் இருமச் சொன்னபோதும் சில சொட்டுகள் வந்தன. அதாவது யூரித்ரா அசைவது மட்டுமல்ல, அதன் சுருக்குத் தசையும் கொஞ்சம் வலுக்குறைந்திருக்கலாம்.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை. கழித்த பிறகு பையில் மீதி 40 மி.லி. என்று ஸ்கேன் காட்டியது.

யூரோடைனமிக்ஸ் (பை நிரம்பும்போதும் காலியாகும்போதும் அழுத்தத்தை அளக்கும் சோதனை) செய்யப்படவில்லை. சிக்கலற்ற அழுத்தக் கசிவுக்கு, சாதாரணப் பரிசோதனையோடு அறுவைக்குப் போனவர்களின் பலன் யூரோடைனமிக்ஸும் செய்தவர்களின் பலனுக்குக் குறையவில்லை என்று 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மீதி அளவு 150 மி.லி.க்குக் குறைவு, தொற்று இல்லை, முன் அறுவை இல்லை, இருமல் சோதனையில் கண்ணெதிரே கசிவு என்ற வரையறைகளுக்குள் இவர் பொருந்தினார். குழுவில் ஒருவர் மட்டும், காலிப் பையிலும் கசிகிறதே, அதோடு ஒரு அவசரக் கசிவும் இருக்கிறதே என்று தயங்கினார். அந்தத் தயக்கம் கோப்பில் பதிவாகியிருக்கிறது.

சேர்க்கைப் படிவத்தில் “சிறுநீர் கழிப்பதில் சிரமம்” என்ற கட்டத்தில் “இல்லை” என்று குறித்திருந்தது. பின்னர் இந்தக் கட்டத்துக்குத் திரும்பி வருவோம்.

எந்த அறுவை, ஏன்

அவர் முன் வைக்கப்பட்டவை ஐந்து. யூரித்ராவின் நடுப்பகுதிக்கு அடியில் பாலிப்ரொப்பிலீன் என்ற செயற்கை இழையாலான டேப் வைப்பது, அதில் இரண்டு வழி: அந்தரங்க எலும்பின் பின்புறமாக மேலே அடிவயிற்றுக்குக் கொண்டுபோவது ஒன்று, பக்கவாட்டில் தொடை இடுக்குக்குக் கொண்டுபோவது மற்றொன்று. மூன்றாவது, ஒரே வெட்டில் வைக்கும் குட்டை டேப். நான்காவது, செயற்கைப் பொருளே வேண்டாம் என்றால் லேப்பராஸ்கோப்பியில் யோனிச் சுவரைத் தூக்கித் தைக்கும் பர்ச் முறை, அல்லது வயிற்றுச் சவ்விலிருந்து வெட்டியெடுத்த பட்டை. ஐந்தாவது, யூரித்ராச் சுவருக்குள் ஜெல் ஊசி. உடலுக்கு மிக எளிது, ஆனால் டேப் அளவுக்குப் பலன் இராது, மறுபடி போட வேண்டியும் வரலாம்.

அவர் கேட்ட முதல் கேள்வி: “வலை வச்சவங்க கேஸ் போட்டிருக்காங்கன்னு படிச்சேன் டாக்டர். அது இதுதானா?” நியாயமான கேள்வி. பதில் விரிவாகவே சொல்லப்பட்டது. அமெரிக்காவில் 2019-ல் விற்பனை நிறுத்தப்பட்டது, இடுப்பு உறுப்பு இறக்கத்துக்காக யோனி வழியே வைக்கும் அகலமான வலை. கசிவுக்கான குறுகிய டேப் அந்த உத்தரவில் வரவில்லை. ஆனால் இங்கிலாந்தில் 2018 ஜூலையில் கசிவுக்கான டேப்பும் சேர்த்தே நிறுத்திவைக்கப்பட்டது. டேப் யோனியில் வெளித்தெரிவது, நாள்பட்ட வலி, தாம்பத்திய வலி எல்லாம் அரிதென்றாலும் உண்மை. ஒருமுறை திசுவோடு ஒட்டிவிட்டால் முழுதாக எடுப்பது கடினம். வீட்டுக்குப் போய் 3 வாரம் யோசித்து, டேப்புக்கு ஒப்புக்கொண்டார்.

இரண்டு வழிகளில் எது என்பதற்கு 2010-ல் வெளியான 597 பெண்களின் ஒப்பீட்டு ஆய்வின் எண்களே காட்டப்பட்டன. பரிசோதனைப்படி ஓராண்டு வெற்றி எலும்பின் பின்வழியில் 80.8 சதவீதம், தொடை வழியில் 77.7 சதவீதம். மறு அறுவை தேவைப்படும் அளவுக்குச் சிறுநீர் போகத் தடை: பின்வழியில் 2.7 சதவீதம், தொடை வழியில் ஒருவருக்கும் இல்லை. தொடை மரப்பு, கால் வலுக்குறைவு போன்ற நரம்புத் தொல்லை: பின்வழியில் 4 சதவீதம், தொடை வழியில் 9.4 சதவீதம். சுருக்குத் தசை வலுக்குறைந்தவர்களுக்குப் பின்வழியே மேல் என்ற பொதுக் கருத்தை வைத்து, காலிப் பைக் கசிவைக் காரணம் காட்டி, பின்வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

2.7 சதவீதம் என்ற எண் சொல்லப்பட்டது. அது நடந்தால் எப்படித் தெரியும், முதல் அறிகுறி என்ன என்பது சொல்லப்படவில்லை.

அறுவை

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்யப்பட்டது. இது ஒரு சிறு விஷயம் போலத் தோன்றும். 1990-களின் நடுவில் உல்ம்ஸ்டெனும் பெட்ரோஸும் இந்த அறுவையை வடிவமைத்தபோது, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, நோயாளியை மேஜையிலேயே இருமச் சொல்லி, ஓரிரு சொட்டு வரும் அளவுக்கு டேப்பைத் தளர்வாக நிறுத்துவார்கள். முதுகு ஊசியில் வலுவாக இருமுவது கடினம். எனவே இறுக்கத்தைக் கண் அளவிலும் கருவி அளவிலும்தான் முடிவுசெய்ய வேண்டும்.

18 பிரெஞ்ச் அளவு கத்தீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய், பிரெஞ்ச் என்பது அதன் பருமனுக்கான அலகு) போட்டுப் பை காலியாக்கப்பட்டது. சிறுநீர்த் துவாரத்துக்கு 1 செ.மீ. கீழே தொடங்கி யோனியின் முன்சுவரில் 1.5 செ.மீ. நீள நடுவெட்டு. அட்ரினலின் கலந்த நீர்த்த மரப்பு மருந்து முன்னதாகவே இருபுறமும் செலுத்தப்பட்டிருந்தது. அது ரத்தக் கசிவைக் குறைப்பதோடு அடுக்குகளைப் பிரித்தும் தரும். அடிவயிற்றில், எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 2 செ.மீ. தள்ளி இரண்டு குட்டி வெட்டு. இந்த 2 செ.மீ. முக்கியம்: அதிகம் வெளியே தள்ளினால் பெரிய ரத்தக்குழாய்களின் பக்கம் போய்விடும்.

கத்தீட்டருக்குள் விறைப்பான கம்பியைச் செருகி, டேப்பை இழுத்துச் செல்லும் ஊசி போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பையின் கழுத்து ஒதுக்கப்பட்டது. ஊசி எலும்பின் பின்பரப்பைத் தடவிக்கொண்டே மேலேற வேண்டும். முனை எலும்பைவிட்டு விலகினால் அடுத்து இருப்பது பைதான்.

வலப்பக்கம் சுத்தமாகப் போனது. இடப்பக்க ஊசி போன பின், பையில் 300 மி.லி. நிரப்பி 70 டிகிரி லென்ஸால் பார்த்தபோது, பையின் முன்பக்க மேல்சுவரில் இடப்புறமாக, கடிகார முள் 1 மணி காட்டும் இடத்தில், ஊசியின் உலோகப் பளபளப்பு உள்ளே தெரிந்தது. பைக்குள் துளை. பின்வழியில் இது அரிதல்ல. தெரிந்துவிட்டால் பெரிய சேதமும் இல்லை. பை அரைகுறையாக நிரம்பியிருந்தால் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், அதனால்தான் 300 மி.லி. நிரப்பச் சொல்வது. ஊசி வெளியே இழுக்கப்பட்டு, பை காலியாக்கப்பட்டு, எலும்பை இன்னும் நெருக்கிப் பிடித்து மறுபடி செலுத்தப்பட்டது. மறு பார்வையில் இருபுறமும் சுத்தம். துளையைத் தைக்கத் தேவையில்லை. கத்தீட்டரை ஒருநாள் கூடுதலாக விட்டால் தானே மூடும்.

அடுத்ததுதான் இந்த அறுவையின் உயிர்நாடி. டேப்பைச் சுற்றி வழவழப்பான பிளாஸ்டிக் உறை இருக்கும். டேப்புக்கும் யூரித்ராவுக்கும் நடுவில் கத்தரியின் முனையையோ 8 மி.மீ. டைலேட்டரையோ (குழாயை விரிக்கப் பயன்படும் கம்பி) இடைவெளிக்காக வைத்துக்கொண்டு, இருபுற உறைகளையும் உருவி எடுக்க வேண்டும். உறை உருவும்போது டேப்பையும் சேர்த்து மேலே இழுக்கும். உறை போன பின் வலையின் கரடுமுரடு திசுவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தளர்த்துவது எளிதல்ல. அறுவைக் குறிப்பில் “கத்தரி இடைவெளியோடு டேப் வைக்கப்பட்டது” என்று இருக்கிறது. இரண்டாவது உறையை உருவி முடிக்கும் வரை கத்தரி அங்கேயே இருந்ததா என்று எழுதவில்லை. பைத் துளையால் 20 நிமிடம் கூடியிருந்தது. குழு முடிக்கும் அவசரத்தில் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

முதல் 8 நாள்

இரண்டாம் நாள் காலை கத்தீட்டர் எடுக்கும் முன் 300 மி.லி. நிரப்பி, கழிப்பறைக்கு அனுப்பப்பட்டார். 210 மி.லி. போனார், மீதி 90. நிரப்பியதில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே வந்தால் தேர்ச்சி என்பது வழக்கமான அளவுகோல், அதாவது 200. தேர்ச்சி, வீட்டுக்கு அனுப்பலாம். எவ்வளவு நேரம் பிடித்தது, எப்படி உட்கார்ந்து போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து மணிக்கு ஒரு முறை சிறுநீர் வந்தது. போய்விட்டு வந்தாலும் போனதுபோல இல்லை. பையில் துளை விழுந்ததாகவும் சில நாள் எரிச்சல் இருக்கும் என்றும் சொல்லியிருந்ததால், அதுதான் என்று இருந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் வீட்டருகே ஒரு கிளினிக்குக்குப் போனார். சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் வெள்ளணுவும் ரத்தமும் தெரிந்தன. 5 நாளுக்கு முன் பையில் ஊசி ஏறி, கத்தீட்டரும் இருந்த ஒருவருக்கு இவை இரண்டும் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிருமிக்கொல்லியோடு, அடிக்கடி வருவதற்காக சொலிஃபெனாசின் 5 மி.கி. மாத்திரையும் தரப்பட்டது. கழித்த பின் மீதி எவ்வளவு என்று பார்க்கவில்லை.

சொலிஃபெனாசின் பையின் தசையைத் தளர்த்தும் மருந்து. வாசல் இறுகியிருக்கும் பைக்கு, தள்ளும் பலத்தையும் எடுத்துவிடுவது போன்றது இது.

எட்டாம் நாள் இரவு படுக்கை ஈரமாக இருந்தது. காலையில் தொலைபேசியில் சொன்னது அப்படியே குறிக்கப்பட்டிருக்கிறது: “இருமினா ஒண்ணுமே வரல, அது நல்லாயிருச்சு. ஆனா போய்ட்டு வந்த அஞ்சு நிமிஷத்துல மறுபடி முட்டுது. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு.” பேசிய செவிலியர் உடனே வரச் சொன்னார்.

ஒன்பதாம் நாள்: எது காரணம்

கழிப்பறைக்குப் போய் 90 மி.லி. கழித்துவிட்டு வந்தார். ஸ்கேனில் மீதி 410 மி.லி. கத்தீட்டர் சிரமமில்லாமல் உள்ளே போனது, 430 மி.லி. வடிந்தது. கல்ச்சரில் பிறகு கிருமி வளரவில்லை. இரவு ஈரம், நிரம்பி வழிந்தது.

குழுவின் முன் இருந்த கேள்வி: தடை டேப்பாலா, மாத்திரையாலா? மாத்திரையால் என்றால் நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். டேப்பால் என்றால் நாள் ஓடுகிறது.

மாத்திரைக்கு எதிராக ஒரு சாட்சி இருந்தது: அடிக்கடி வரத் தொடங்கியது மூன்றாம் நாள், மாத்திரை ஐந்தாம் நாள். ஆக, மாத்திரை நிலையை மோசமாக்கியது, தொடங்கிவைக்கவில்லை. யோனி வாசலில் வைத்துப் பார்த்த அல்ட்ராசவுண்டில் டேப் பளிச்சென்ற கோடாகத் தெரிந்தது. ஓய்வில் யூரித்ராவை ஒட்டியிருந்தது. முக்கச் சொன்னபோது யூரித்ரா அந்தக் கோட்டின் மேல் மடிந்தது.

அப்போதுதான் ஒருவர் கேட்டார்: வழக்கமாக எப்படிப் போவீர்கள்? பதில்: “எப்பவும் முன்னாடி குனிஞ்சு முக்கித்தான் போவேன். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அப்படித்தான்.” சேர்க்கைப் படிவத்தில் இது ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, “சிரமம் இருக்கான்னு கேட்டாங்க. எனக்குச் சிரமமா தெரியலையே” என்றார்.

இந்த டேப் ஓய்வில் யூரித்ராவை நெரிப்பதற்காக வைப்பதல்ல. வயிற்று அழுத்தம் ஏறும்போது யூரித்ரா கீழிறங்கி டேப்பின் மேல் மடிய வேண்டும். இருமும்போது கசிவு நிற்பது அதனால்தான். முக்குவதும் வயிற்று அழுத்தம்தான். இருமலையும் முக்கலையும் டேப்பால் பிரித்தறிய முடியாது. பையின் தசை சுருங்கித் தானாகப் போகிறவருக்குச் சற்று இறுக்கமான டேப் தொல்லை தராமல் போகலாம். முக்கிப் போகிறவருக்கு அதே டேப், முக்க முக்க மூடும். கத்தீட்டர் எடுக்கும் நாளில் 210 மி.லி. போனதும், பிறகு வீக்கமும் மாத்திரையும் சேர்ந்து அந்த அளவு சுருங்கியதும் இதோடு பொருந்துகிறது.

முடிவுகள்

மூன்று வழி இருந்தது.

ஒன்று, தானே கத்தீட்டர் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்து 6 வாரம் காத்திருப்பது. வீக்கம் வடிந்து பலருக்குச் சரியாகும். ஆனால் காத்திருந்தும் சரியாகாவிட்டால், அதற்குள் வலையின் கண்களுக்குள் திசு வளர்ந்துவிடும். பிறகு டேப்பைத் தளர்த்த முடியாது, வெட்டத்தான் முடியும். வெட்டியவர்களில் ஒரு பகுதியினருக்குக் கசிவு திரும்பும்.

இரண்டு, முதல் 2 வாரத்துக்குள் தையலைப் பிரித்து டேப்பைச் சில மி.மீ. கீழே இழுத்துத் தளர்த்துவது. கசிவுக்கான பலன் பெரும்பாலும் தங்கும்.

மூன்று, யூரித்ராவுக்குள் டைலேட்டர் விட்டு அழுத்தித் தள்ளுவது. இது எளிதாகத் தெரிவதால்தான் ஆபத்து: டேப்புக்கும் டைலேட்டருக்கும் நடுவே யூரித்ராச் சுவர் நசுங்கும், பின்னாளில் டேப் உள்ளே அரித்துக்கொண்டு வரலாம். உடனே ஒதுக்கப்பட்டது.

மாத்திரை நிறுத்தப்பட்டது. அதன் அரை ஆயுள் 45 முதல் 68 மணி நேரம். நிறுத்திய மறுநாளே விளைவு போய்விடாது. அன்றே தானே கத்தீட்டர் போட்டுக்கொள்ள அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. 14 அல்ல, 12 பிரெஞ்ச் அளவு, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. முக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பதித்து, ஒரு நிமிடம் காத்திருந்து போகச் சொல்லப்பட்டது. இதையெல்லாம் 48 மணி நேரம் பார்ப்பது, மீதி 150-க்குக் கீழே வராவிட்டால் தளர்த்துவது என்று முன்கூட்டியே எண்ணை எழுதிவைத்துக்கொண்டார்கள். அந்த எண் இல்லாமல் காத்திருந்தால் காத்திருப்பு நீண்டுகொண்டே போகும்.

பதினோராம் நாள் மீதி அளவுகள்: 290, 260, 275 மி.லி. முன்னேற்றம் இருந்தது, போதவில்லை.

தளர்த்துதல்

பதினோராம் நாள் மாலை. இம்முறை லேசான தூக்க மருந்தும் அந்த இடத்தில் மரப்பு ஊசியும் மட்டும். இருமச் சொல்ல வேண்டியிருந்ததே காரணம்.

யோனித் தையல் பிரிக்கப்பட்டது, விரலாலேயே விளிம்புகள் விலகின. டேப் நீல நிறம் என்பதால் உடனே கண்ணில் பட்டது. வலைக்கண்கள் இன்னும் பெரிதும் வெறுமையாகவே இருந்தன. மேலே மெல்லிய சவ்வு மட்டும். செங்கோணக் கிளாம்பை (முனை வளைந்த இடுக்கி) டேப்புக்கும் யூரித்ராவுக்கும் நடுவில் நுழைக்க இடமில்லை. முனையை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து உள்ளே விட வேண்டியிருந்தது. அந்த ஒரு தொடுகையே இறுக்கத்தை உறுதிப்படுத்திவிட்டது.

நடுவில் மாட்டி இழுத்தால் டேப் நீண்டு, அகலம் சுருங்கி, கயிறு போலாகிவிடும். அகலமான பட்டையாக இருக்கும்வரைதான் அது தாங்கும். ஆகவே யூரித்ராவின் இரு பக்கத்திலும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு பக்கமும் 3 முதல் 4 மி.மீ. கீழே இழுக்கப்பட்டது. கிளாம்பின் முனை தடையின்றிப் போய்வரும் வரை. மொத்தம் 6 முதல் 8 மி.மீ. அளவு. பையில் 300 மி.லி. விட்டு இருமச் சொன்னபோது பலமான இருமலில் மட்டும் ஒரு சொட்டு துளிர்த்தது. அதோடு நிறுத்தப்பட்டது. யூரித்ரா உள்ளே சேதமில்லை என்று ஸ்கோப்பில் பார்த்து, 3-0 கரையும் நூலால் வெட்டு மூடப்பட்டது. 25 நிமிடம்.

பின்னர் நடந்தவை

மறுநாள் 300 நிரப்பியதில் 260 போனார், மீதி 40. இம்முறை செவிலியர் கதவுக்கு வெளியே நின்று நேரம் குறித்தார்: 50 நொடி, முக்காமல். ஒரு வாரத்தில் மீதி 55. கத்தீட்டர் தேவைப்படவில்லை.

6 வாரத்தில் இருமல் சோதனையில் கசிவு இல்லை, பேடு இல்லை, வெட்டு ஆறியிருந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை திடீர் அவசரம் இருந்தது. மாத்திரை தராமல், நேரம் வைத்துப் போகும் பயிற்சி மட்டும் சொல்லப்பட்டது. 6 மாதத்தில் அது மாதத்துக்கு ஒருமுறை ஆனது.

ஓராண்டில்: நிறைந்த பையோடு பலமாகத் தும்மினால் ஓரிரு சொட்டு. பேடு வைப்பதில்லை. சிறுநீர் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 17 மி.லி., மீதி 30 மி.லி. டேப் எங்கும் வெளித்தெரியவில்லை, தாம்பத்திய வலி இல்லை. தண்ணீர் வழக்கம்போலக் குடிக்கிறார்.

மாற்றப்பட்டவை

யூரோடைனமிக்ஸ் செய்திருந்தால் இது தடுக்கப்பட்டிருக்குமா என்பதில் குழு ஒன்றுபடவில்லை. தொடை வழியைத் தேர்ந்திருக்கலாம் என்பவர்களும், காலிப் பைக் கசிவுக்கு அது போதாமல் போயிருக்கும் என்பவர்களும் இருந்தார்கள். ஒன்றில் ஒருமித்தார்கள்: யூரித்ராவில் எதையும் நுழைக்காமல், ஒரு கருவிக்குள் சிறுநீர் கழிக்கவிட்டு வேகத்தை வரைபடமாக எடுக்கும் யூரோஃப்ளோ 2 நிமிட வேலை. முக்கிப் போகிறவரின் கோடு மேடுபள்ளமாக விட்டுவிட்டு ஏறி இறங்கும், பார்த்தாலே தெரியும். அது அறுவையின் வகையை மாற்றியிருக்காமல் போகலாம். ஆனால் டேப்பை இன்னும் தளர்வாக விடவும், கத்தீட்டர் போடும் முறையை முன்னதாகவே கற்றுக்கொடுக்கவும் காரணம் தந்திருக்கும். இப்போது டேப் அறுவைக்கு முன் எல்லோருக்கும் எடுக்கப்படுகிறது.

உறை உருவும் கட்டத்தில், இடைவெளிக் கருவியைப் பிடித்திருப்பவர் “கருவி உள்ளே” என்று இரண்டு உறைக்கும் தனித்தனியாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். குறிப்பிலும் அப்படியே எழுத வேண்டும். பைத் துளையால் நேரம் கூடும் நாளில்தான் இது அதிகம் தேவை.

கத்தீட்டர் எடுக்கும் நாளின் சோதனையில் அளவோடு நேரமும் குறிக்கப்படுகிறது. 200 மி.லி.யை 4 நிமிடம் முக்கிப் போவதும் 1 நிமிடத்தில் போவதும் ஒரே தேர்ச்சி அல்ல. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் செவிலியர் தொலைபேசியில் கேட்கிறார்: எத்தனை தடவை போகிறீர்கள், போனதுபோல இருக்கிறதா, தாரை எப்படி. “கசிகிறதா” என்பது கடைசிக் கேள்வி. அதற்கு நல்ல பதில் வந்தால் மற்றவற்றைக் கேட்காமலே வைத்துவிடத் தோன்றும்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் வேறு மருத்துவருக்காக மேலே தடித்த எழுத்தில் இரண்டு வரி சேர்க்கப்பட்டது: “இவருக்கு யூரித்ரா டேப் வைத்து 2 வாரம் ஆகவில்லை. அடிக்கடி சிறுநீர், அவசரம், எரிச்சல் எது இருந்தாலும் முதலில் கழித்த பின் மீதி அளவைப் பாருங்கள், 150 மி.லி.க்கு மேல் இருந்தால் பையைத் தளர்த்தும் மாத்திரை தராமல் அன்றே எங்களை அழையுங்கள்.” அழைக்க வேண்டிய எண் அதற்குக் கீழே.

சேர்க்கைப் படிவத்தில் “சிறுநீர் கழிப்பதில் சிரமம்: உண்டு / இல்லை” என்ற கட்டம் எடுக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது இருப்பது: “உட்கார்ந்ததும் தானாக வருமா, காத்திருக்க வேண்டுமா, முக்க வேண்டுமா, முன்னால் குனிய வேண்டுமா? அவர் சொன்னபடியே எழுதவும்.”